நின்ன இடத்துல ஓடின மெஷின்

மே 4, திங்கள்

காலையில சாமி கும்பிட்டுட்டு நேரா கொட்டகைக்குப் போய் உழவு மெஷினைத் துடைச்சேன். ஈரத் துணி ஒண்ணு, காஞ்ச துணி ஒண்ணு. சக்கரத்து இடுக்கெல்லாம் பழைய பல் தேய்க்கிற பிரஷ். இவர் வாசப்படியில நின்னு பார்த்துட்டு, "என் மூஞ்சியை ஒரு நாளாவது இப்படித் துடைச்சிருக்கியா?" ங்கிறார். உங்களை யாரும் கடல் தாண்டி எனக்குத் தானமா அனுப்பி வைக்கலையேன்னேன். செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டார்.

உண்மையிலேயே கடல் தாண்டி வந்ததுதான். ஏதோ ஒரு குளிர் தேசத்துல ஒரு வயசான விவசாயி, இனிமே என்னால பின்னாடி நடந்து உழ முடியாது, வேலை செய்யுற கைக்குப் போகட்டும்னு கொடுத்தாராம். கப்பல்ல வந்து, லாரியில வந்து, மூணு மாசம் முன்னால எங்க விவசாயச் சங்கத்து வாசல்ல இறங்குச்சு. பன்னெண்டு வீடு நாங்க. எல்லாருக்கும் கையகல நிலம், மண்வெட்டியில கொத்தி, விளையறதை நாங்களே சாப்பிடறோம், விக்க மிஞ்சாது.

சாவி யார்கிட்ட இருக்கணும்னு கேட்டப்ப எல்லாரும் என்னைத்தான் காட்டினாங்க. "அக்கா கிட்ட இருந்தா ஒரு தூசி படாது" ன்னார் சைக்கிள் கடைக்காரர். அவர்தான் மூணு நாள் பயிற்சிக்குப் போய் ஓட்டக் கத்துக்கிட்டவர்.

படலையே. ஒரு தூசி படல.

மே 6, புதன்

நாத்தனார் வந்தா. அவ வீட்டுக்காரர் கூரை மாத்தறேன்னு ஏறி விழுந்து கால்ல கட்டோட கிடக்கிறார். ஒத்தைப் பொம்பளையா ஒன்றரை ஏக்கரையும் கொத்தணும். "அண்ணி, மெஷினை ஒரு நாள் விடுங்களேன்" ன்னா.

மண்ணு கல்லு மாதிரி காஞ்சு கிடக்கேம்மா, பிளேடு போயிடும், ஒரு மழை விழட்டும்னேன்.

"போன மாசம் கேட்டப்ப ஈரம்னீங்க."

போன மாசம் ஈரம்தான். நான் என்ன பண்றது.

"மழை விழுந்தா விதைக்கணும் அண்ணி. அப்ப உழுது என்ன பண்ண?" ன்னா. நான் மெஷினோட கைப்பிடியைத் துடைச்சிட்டே இருந்தேன். "சரி, உங்க மெஷின்" ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

சங்கத்து மெஷின்னு பின்னாலயே கத்தினேன். திரும்பல.

அவ ரெண்டாவது தடவை கேக்க மாட்டா. எனக்குத் தெரியும்.

மே 8, வெள்ளி

நாத்தனார் மண்வெட்டியோட போறா. கொட்டகையைத் தாண்டித்தான் போகணும். இந்தப் பக்கம் பார்க்கவே இல்ல.

மே 12, செவ்வாய்

மெஷினைக் கொண்டாந்து கொடுத்த நிறுவனத்துல இருந்து ஸ்கூட்டர்ல ஒரு பொண்ணு வந்துச்சு, பார்வையிட. நல்ல சேலை கட்டிக்கிட்டு சாவியோட நின்னேன். பன்னெண்டு வீட்டுல இருந்தும் ஆளுங்க வந்திருந்தாங்க, நாத்தனார் உட்பட. கதவைத் திறந்ததும் அந்தப் பொண்ணு, "அம்மா, கடையில இருக்கிற மாதிரியே இருக்கே" ன்னுச்சு. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு.

அப்புறம் அது குனிஞ்சு இன்ஜின் பக்கத்துல இருக்கிற சின்ன மீட்டரைப் பார்த்துச்சு. அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டுற மீட்டராம். நான் அதைத் தினமும் துடைக்கிறேன், என்னன்னு கேட்டதில்ல.

"வந்தப்ப இருந்ததுக்கு மேல ஆறு மணி நேரம்தான் ஓடியிருக்கு. அதுவும் பயிற்சிக்குக் கொண்டு போனப்ப ஓடினது." எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. "யாருக்கும் உழலையாம்மா?"

உழலைன்னேன். பத்திரமா இருக்குன்னேன்.

நல்ல பொண்ணு, கோபப்படல. அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. "பத்திரமா வைக்க இதை அங்கேயே வெச்சிருக்கலாமேம்மா. இதுக்காக எட்டு ஊர் வரிசையில நிக்குது. மாசக் கடைசியில மறுபடி வருவேன். அம்பது மணி நேரமாவது ஆகியிருக்கணும். இல்லைன்னா அடுத்த ஊருக்கு மாத்திடுவாங்க, என் கையில எதுவும் இல்ல."

எல்லாரும் கலைஞ்சு போனாங்க. திட்டியிருந்தாலும் தேவலை.

மே 13, புதன்

ஏன் கொடுக்கல நான்? இதை இங்கேயாவது எழுதணும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால சங்கத்து மருந்து தெளிக்கிற மெஷின் என் பொறுப்புல இருந்துச்சு. ரெண்டாவது வாரமே பிடி ஒடிஞ்சு போச்சு, இத்தனைக்கும் நான் மெதுவாத்தான் அடிச்சேன். கூட்டத்துல எல்லாரும் இருக்கும்போது நாத்தனார், "அண்ணி தொட்டா இரும்பு கூட அழும்" ன்னா. அப்படிச் சிரிச்சாங்க. அப்புறம் ஒரு வருஷம் என்னைக் கண்டாலே, "அக்கா, எங்க வீட்டுக் கதவைத் தொடாதீங்க" ன்னு கிண்டல். நானும் சிரிச்சேன் கூடவே. வேற என்ன பண்ண?

இந்த மெஷினோட வந்த காகிதத்துல, "சேதத்துக்குப் பராமரிப்பாளரே பொறுப்பு" ன்னு இருந்துச்சு. அந்த ஒரு வரிதான் என் கண்ணுல பட்டுச்சு. மத்த ரெண்டு பக்கமும் படிச்சேனா? படிக்கல.

ராத்திரி சாப்பாட்டுல இவர், "அம்பது மணி நேரம்தானே? கொட்டகைக்குள்ளயே ஓட விடு" ன்னார். சிரிக்கத்தான் சொன்னார்.

நான் சிரிக்கல. கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு மூணு மணி நேரம். மண்ணு படாது, கல்லு படாது, பிளேடு தேயாது. மெஷினும் ஊர்ல இருக்கும். கடவுளே, இதுல என்ன தப்புன்னு கூட கேட்டேன். கேக்கும்போதே தெரியுதில்ல?

மே 14, வியாழன்

மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் படுக்கிற நேரமாப் பார்த்து, கொட்டகைக் கதவைத் திறந்து வெச்சு (புகை போகணுமே) இவரைக் கயிறு இழுக்கச் சொன்னேன். "நான் விளையாட்டுக்குச் சொன்னேன்டி" ன்னு முனகிக்கிட்டே இழுத்தார். மூணாவது இழுப்புல பிடிச்சுக்கிச்சு. கியர் போடல. நின்ன இடத்துலயே கிடந்து உதறுது, கட்டிப் போட்ட கன்னுக்குட்டி மாதிரி. சங்கத்து டீசல்தான்.

சும்மா உக்காரணுமேன்னு முக்காலி போட்டு ஜபம் பண்ண ஆரம்பிச்சேன். வாய் சாமி பேரைச் சொல்லுது, கண்ணு மீட்டர்ல இருக்கு. இதை எழுதவே கை கூசுது.

அரை மணி நேரம் இருக்கும். நாத்தனார் ஓடி வர்றா. தலையெல்லாம் மண்ணு. ரெண்டு உள்ளங்கையிலயும் கிழிஞ்ச துணி சுத்தியிருக்கு. இடுப்புல ஒரு தண்ணிக் குடம்.

"அண்ணி, சத்தம் கேட்டுச்சு. என் முறை வந்துடுச்சா? வழியில கிடந்த கல்லை எல்லாம் ஓரமாத் தள்ளிட்டேன். மெஷினுக்குத் தண்ணி வேணும்பாங்களேன்னு... சைக்கிள் கடைக்காரர் எங்க?"

இவர் கூரையைப் பார்க்கிறார். இன்ஜின் நல்லா இருக்கான்னு பார்க்கத்தாம்மா... அப்படின்னு என்னவோ உளறினேன்.

அவ மெஷினைப் பார்த்தா. முக்காலியைப் பார்த்தா. மீட்டரைப் பார்த்தா. முட்டாள் இல்ல அவ, செவ்வாய்க்கிழமை அவளும்தானே இருந்தா.

"அம்பதுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி அண்ணி?"

அவ்வளவுதான் கேட்டா. குடத்தைக் கீழே வெச்சுட்டுப் போயிட்டா. கோபமாக் கூடப் போகல, மெதுவா நடந்து போனா.

மே 15, வெள்ளி

காலையில உக்கார்ந்தேன், ஜபம் வரல. சாமி முகத்தைப் பார்த்தா அந்தக் குளிர் தேசத்துக் கிழவர்தான் ஞாபகத்துக்கு வர்றார். அவர் எப்படி இருப்பார்னு எனக்கென்ன தெரியும், இருந்தாலும் வர்றார். உன் வீட்டு அலமாரிக்கா கொடுத்தேன்னு கேக்கிறார்.

எழுந்து நேரா சைக்கிள் கடைக்குப் போய் சாவியை நீட்டினேன். இனிமே இது உன் கடை ஆணியில தொங்கட்டும், யார் கேட்டாலும் முறை வெச்சுக் கொடு, முதல்ல நாத்தனாருக்கு.

"உடைஞ்சா அக்கா?"

உடைஞ்சா என் பேரைச் சொல்லு.

"அது சொல்லாமலே சொல்லுவாங்க" ன்னார். வாங்கிக் கட்டிக்கத்தான் வேணும்.

அங்கிருந்து நிலத்துக்குப் போனேன். நாத்தனார் குனிஞ்சு கொத்திட்டிருந்தா. பத்து நாள் கொத்தியும் ஒரு மூலைதான் முடிஞ்சிருக்கு. நாளைக்குக் காலையில மெஷின் வருதுன்னேன்.

நிமிராமலே, "எத்தனை மணி நேரம் ஓடணுமாம்?" ன்னா.

உன் நிலம் முடியற வரைக்கும்.

மண்வெட்டியை ஓங்கிப் போட்டா. அப்புறம் என் வாய் சும்மா இருக்குமா? எல்லாத்தையும் கொட்டினேன். நான் பண்ணினது பெரிய தப்பு, இது உடைஞ்சா மறுபடி எல்லாரும் சிரிப்பாங்கன்னு பயந்தேன், நீ அன்னைக்கு மருந்து மெஷின் விஷயத்துல சொன்னது இன்னும் காதுலயே இருக்குன்னேன்.

இப்பதான் நிமிர்ந்தா. "எந்த மருந்து மெஷின்?"

அதான், நான் தொட்டா இரும்பும் அழும்னியே.

"நானா சொன்னேன்?"

பதினோரு வருஷம். அவளுக்கு ஞாபகமே இல்ல. நான் அதைத் தினமும் துடைச்சுப் பத்திரமா வெச்சிருந்திருக்கேன்.

மண்வெட்டியை ஊனிக்கிட்டு நின்னா. "நான் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். சொல்லியிருப்பேன்" ன்னா. அதுவே அவளுக்கு மன்னிப்புக் கேக்கிற மாதிரி. ஆனா கோபம் போகல. "மீதியை நீங்க கொத்துங்க" ன்னு மண்வெட்டியைக் கையில கொடுத்தா. இருட்டுற வரைக்கும் கொத்தினேன். ஐயோ இடுப்பு.

மே 16, சனி

ஓடின முதல் மணி நேரத்துலயே உடைஞ்சது.

மண்ணுக்குள்ள ஒரு கல்லு, டங்குன்னு சத்தம், ஒரு பிளேடு பாதியாப் போச்சு. சைக்கிள் கடைக்காரர் இன்ஜினை நிறுத்தினார். வரப்புல இருந்தவங்க எல்லாரும் எழுந்துட்டாங்க. நான் அப்படியே மண்ணுல உக்கார்ந்துட்டேன். இதுக்குத்தானே, இதுக்குத்தானே...

யாரும் சிரிக்கல. நாத்தனார்தான் ஸ்கூட்டர் பொண்ணுக்குப் போன் போட்டு என் காதுல வெச்சா.

"பிளேடு உடையத்தான்மா செய்யும். அதுக்குத்தானே மரப்பெட்டி அனுப்பினாங்க. திறந்து பாத்தீங்களா?"

மரப்பெட்டி என் கட்டிலுக்கு அடியில இருக்கு. மெஷினோட வந்தது, தானப் பொருளாச்சேன்னு ஆணி கூடப் பிடுங்காம மேல ஒரு துணி போட்டு வெச்சிருக்கேன். இவர் வீட்டுக்குப் போய்த் தலையில வெச்சுக் கொண்டாந்தார். திறந்தா, புதுப் பிளேடு இருபத்தி நாலு, போல்ட்டு, பெல்ட்டு. அடியில ஒரு பழைய பிளேடு, கத்தரிச்சு விட்ட நகம் மாதிரி தேஞ்சு போனது. அதைச் சுத்தி ஒரு காகிதம். எழுத்து எதுவும் இல்ல. பென்சில்ல படம்தான். இந்தப் பக்கம் முழுப் பிளேடு, அந்தப் பக்கம் தேஞ்ச பிளேடு, நடுவுல ஒரு அம்புக்குறி. இவ்வளவு தேயற வரைக்கும் ஓட்டுங்க, அப்புறம் மாத்துங்க. எனக்கே புரிஞ்சது.

அந்த மனுஷன் எத்தனை வருஷம் உழுதிருந்தா இரும்பு அப்படித் தேயும். அதையும் சேர்த்து அனுப்பியிருக்கார்.

கால் மணி நேரத்துல மாத்திட்டார் சைக்கிள் கடைக்காரர். சாயங்காலத்துக்குள்ள ஒன்றரை ஏக்கரும் முடிஞ்சது. நாத்தனார் வரப்புல உக்கார்ந்து கையில சுத்தின துணியை மெதுவா அவிழ்த்தா. நான் ஊதி விட்டேன். கையை இழுத்துக்கல.

சாமி, இன்னைக்கு எனக்குத் தூக்கம் வரும்.

மே 21, வியாழன்

நாலு வீடு முடிஞ்சது. இன்னொரு பிளேடும் போச்சு. எனக்கு அது நடந்தது மறுநாள்தான் தெரியும்.

மே 25, திங்கள்

இன்னைக்கு நாத்தனாரே ஓட்டினா. திருப்பும்போது மெஷின் அவளை இழுத்துக்கிட்டு ஓடுது, அவ அதைத் திட்டிக்கிட்டே பின்னாடி ஓடுறா. அவ வீட்டுக்காரர் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கிட்டு, "என்னைத் திட்டுற மாதிரியே திட்டுறா பாருங்க" ன்னார். வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

மே 30, சனி

ஸ்கூட்டர் பொண்ணு வந்துச்சு. கொட்டகை காலி. எங்கேம்மா மெஷின்னுச்சு. எனக்கும் தெரியாது, தேடுவோம் வான்னேன். பதினோராவது வீட்டு நிலத்துல கண்டுபிடிச்சோம். புழுதியும் மண்ணுமா, முன்னாடி ஒரு பக்கம் நசுங்கி, கைப்பிடியில யாரோ துண்டைச் சுத்தியிருக்காங்க.

மீட்டரைப் பார்த்து, பழசைக் கழிச்சு, அம்பத்தி ஒண்ணுன்னு எழுதிக்கிச்சு. இருக்கட்டும், இங்கேயே இருக்கும்னுச்சு. எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு.

எனக்கு மட்டும் நெஞ்சுல முள்ளு. தனியாக் கூப்பிட்டு, பாப்பா, அதுல அரை மணி நேரம் பொய், கொட்டகையில சும்மா ஓட விட்டேன்னு சொல்லிட்டேன். அது என்னைப் பார்த்து, பேனாவை எடுத்து, "சரிம்மா, அம்பதரைன்னு போட்டுக்கிறேன்" ன்னுச்சு. உண்மையிலேயே அடிச்சு எழுதுச்சு. பாரம் இறங்கிச்சு.

ஜூன் 3, புதன்

மழை. பன்னெண்டு நிலமும் தயார். விதைச்சோம்.

ஜூலை 4, சனி

ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்ல இருந்து ரெண்டு பொம்பளைங்க வந்தாங்க. வரிசையில நிக்கிற எட்டு ஊர்ல அவங்க ஊரும் ஒண்ணாம், இன்னும் மெஷின் வரல. அவங்க விதைப்பு பிந்தித்தான், பத்து நாள் கிடைக்குமான்னு கேட்டாங்க. சங்கத்துல உக்கார்ந்து பேசினோம். ஒருத்தர் வேணாம்னார், ஒருத்தர் எழுதி வாங்கணும்னார். நாத்தனார், "அண்ணி சொல்லட்டும்" ன்னா.

கூட்டிட்டுப் போங்கன்னேன். புதுப் பிளேடு ஆறு எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பென்சில் படத்தைப் பார்த்து இன்னொரு காகிதத்துல நானே வரைஞ்சேன். என் படம் பிளேடு மாதிரி இல்ல, வாழைப்பழம் மாதிரி இருக்குன்னார் இவர். அவங்களுக்குப் புரிஞ்சது, அது போதும். ஆத்து மேட்டுல ஏறும்போது பின்னாடி இழுக்கும், ரெண்டு பேரா பிடிங்கன்னு சொல்லி அனுப்பினேன்.

வழியனுப்பிட்டு நானும் நாத்தனாரும் அவ நிலம் வழியா நடந்து வந்தோம். சோளம் முழங்கால் உயரம் வந்திருக்கு. நடுவுல களையும் அதே உயரம். அவ நின்னு ரெண்டு பிடுங்கிப் போட்டா.

"நாளைக்குக் களை எடுக்க வர்றீங்களா அண்ணி? இதுக்கு எந்தத் தேசத்துல இருந்தும் யாரும் மெஷின் அனுப்பப் போறதில்ல."

வர்றேன்னேன். காலையில சீக்கிரமே சாமி கும்பிட்டுட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள போகணும்.