நடுவரின் மணி

அன்பு நடுவரே,

இன்று காலை உன் மணியைப் புளி போட்டுத் தேய்த்தேன். சமையலறை முழுக்கப் பித்தளை வாசனை. சிராங்கூன் சாலையில் நாம் பேரம் பேசி வாங்கிய பூசை மணி. சாமிக்கு அதை நீ ஒருநாளும் அடித்ததில்லை. சமூக மன்றப் பட்டிமன்றத்தில் நேரம் தாண்டிப் பேசுபவர்களின் வாயை அடைக்கத்தான் அது.

ஞாயிறுதோறும் நம் பட்டிமன்ற அணி ஃபேரர் பார்க் காப்பிக்கடையில் கூடும்போதும் அது உன் கைப்பையில் வரும். யாராவது கதை அளந்தால் டிங். "ஆதாரம் எங்க?" என்பாய். மனநல மருத்துவமனைத் தாதியாக வாரமெல்லாம் மெதுவாகப் பேசிய குரலை அந்த மேசையில்தான் அவிழ்த்துவிடுவாய்.

நானும் லின்னும் துணைவிகளாக வாழ்வது அந்த மேசையில் உனக்கு மட்டுமே தெரியும். அடுத்த ஞாயிறு அவளை அழைத்து வந்து எல்லோரிடமும் சொல்வதாக உன்னிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்குக் கொடுத்த அந்த ஞாயிறு பார்த்து, நம் அணியின் சிங்கம் செல்வம் அண்ணன் கைப்பேசியில் ஏதோ வெளிநாட்டுத் துப்பாக்கிச்சூட்டுச் செய்தியைப் பார்த்தார்.

"சுட்டவன் அந்த மாதிரி ஆளாம். ஆம்பளைய ஆம்பள விரும்புறது, பொம்பளைய பொம்பள விரும்புறது எல்லாமே மெண்டல் ப்ராப்ளம் லா. அதான் இப்படிக் கிளம்புறாங்க."

பிய்த்த பரோட்டாவைத் தட்டிலேயே போட்டேன். டிங்!

"அண்ணே, நம்ம ரூல் தெரியும்ல? ஆதாரம் இல்லாம பேசினா எதிரணிக்குப் போய்ப் பேசணும். மூணு நிமிஷம். ஸ்டார்ட்!"

முனகிக்கொண்டே எழுந்தார். ஆனால் "நடுவர் அவர்களே" என்று வாய் திறந்துவிட்டால் அவரை யாரால் நிறுத்த முடியும்? "எனக்குத் தெரிஞ்சு பொண்டாட்டிய அடிக்கிறவன் எல்லாம் கல்யாணம் பண்ணவன்தான். அதுக்காகக் கல்யாணமே ஒரு வியாதின்னு சொல்லலாமா?" கடையில் தேநீர் கலக்குபவர்கூடக் கைதட்டினார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "கரெக்ட்டுண்ணே! அவங்க என்ன மெண்டலா, யாரையாவது சுட?" என்று துள்ளினேன்.

டிங்! இந்த முறை எனக்கு.

"அப்ப மனசு சரியில்லாதவங்கன்னா சுடுவாங்களா? என் வார்டுக்கு வந்து பாருடி. அடிச்சவங்களவிட அடி வாங்கினவங்கதான் அதிகம். நீயும் எதிரணி. எழுந்திரு."

அசடு வழிய எழுந்தேன். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டபடியே என்னைப் படிக்கவைத்த அப்பாவைப் பற்றிப் பேசினேன். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர். பேச்சு எப்படியோ லின்னிடம் போய், நாங்கள் துணைவிகள் என்பதில் நின்றது. மூன்று நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. நீ மணியைத் தொடவே இல்லை.

செல்வம் அண்ணன் தேநீரை ஆற்றினார். பிறகு, "அடுத்த வாரம் கூட்டிட்டு வா. ஆனா ஒண்ணு, இன்னைக்கு நான் தோக்கல. என்னையே நான் ஜெயிச்சிருக்கேன் லா" என்றார். சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறிவிட்டது.

லின் வந்தாள். அந்த மேசையில் அவள் கற்ற முதல் தமிழ் உன்னுடைய கேள்விதான்.

நீ கண்மூடிய பிறகு எனக்கு அங்கே போகவே மனம் வரவில்லை. "அவ இல்லாம இனி அந்த மேசை அவ்வளவுதான்" என்று நேற்று லின்னிடம் சொன்னேன். அவள் அலமாரியிலிருந்து, நீ எனக்கு விட்டுப்போன மணியை எடுத்தாள்.

டிங். "ஆதாரம் எங்க?"

என்னிடம் இல்லை, நடுவரே. ரூல் ரூல்தானே? மணியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, லின்னோடு அந்த மேசைக்கே, எதிரணிக்குக் கிளம்பிவிட்டேன்.