டீசலில் புகுந்த காற்று

பர்கூர் மலை,
ஞாயிறு.

அன்புள்ள அத்தைக்கு,

பிரவீனாவின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மாமா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? போனில் என்றால் இருவருமே பேசுவதற்குள் அழுதுவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். கிருபா இறப்பதற்கு முன் நாங்கள் சேர்ந்து வாங்கிய அந்தப் பழைய டீசல் ஜீப்பில்தான் மாட்டு வைத்தியத்துக்கு மலையெல்லாம் போய்வருகிறேன். நேற்று டீசல் பில்டரை நானே மாற்றினேன். குழாயில் காற்று புகுந்து, ஓடைக்கரையில் வண்டி நின்றுவிட்டது. பயப்படாதீர்கள், நல்ல பகல்தான்.

பானட்டைத் திறந்து கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்ற ஒருவர், உள்ளே சாவியைத் திருப்ப ஒருவர் இருந்தால் சுலபம். பம்பு எப்போதும் என் வேலை. உங்கள் மகனுக்குக் கையில் டீசல் பட்டாலே ஆகாதே!

நேற்று குமிழி நின்றதும் பழக்கத்தில், "ஏனுங்க, இப்பத் திருப்புங்க" என்று கத்திவிட்டேன். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன், டிரைவர் சீட் காலி. சக்கரத்தோரம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பிறகு நானே போய்த் திருப்பினேன். வண்டி கிளம்பிவிட்டது.

"ஜீப்ப வித்துப்போட்டு ஊட்டுக்கு வந்துரு கண்ணு" என்கிறார் அப்பா. என்னால் முடியாது அத்தை.

சீட்டுக்கு விரிக்க ஒரு சென்னிமலைப் போர்வை வேண்டும். பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள். அந்தியூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஜீப்பில் வந்து கூட்டிக்கொள்கிறேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் என்னோடு இருங்கள்.

கன்று போட முடியாமல் ஒரு மாடு தவிக்கிறதாம், ஆள் வந்து நிற்கிறார். கிளம்புகிறேன்.

இப்போதும் உங்கள் மருமகள்,
பிரவீனா