அழிந்துபோன இரண்டு கோடுகள்

8-1-1979, திங்கள்

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனில் நெரவியில் வயல் பார்க்கும் அந்தோணி ஐயா, தன் துப்பாக்கியின் மங்கிய தொலைநோக்கியைத் துடைத்துத் தரச் சொல்லி என் மூக்குக்கண்ணாடிக் கடையில் கொடுத்திருந்தார். திரும்ப அதே இடத்தில் பொருத்தினால்தான் குறி சரியாக இருக்கும் என்று, கழற்றுமுன் அது இருந்த இடத்தில் பென்சிலால் இரண்டு கோடு போட்டேன். எண்ணெய்த் துணி பட்டு இரண்டும் அழிந்துவிட்டன. குத்துமதிப்பாகப் பொருத்தி, எதுவும் சொல்லாமல் கொடுத்தும் விட்டேன்.

ராத்திரி வயலில் காட்டுப்பன்றி விரட்டும்போது வரப்பில் ஆட்கள் நிற்பார்கள், குறி விலகினால் குண்டு அவர்கள் மேல் படும் என்ற நினைப்பு வந்ததும் மத்தியானச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். சைக்கிளை மிதித்து அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "இன்னிக்கு துப்பாக்கி வேணாம். காலையில ஒரு பானையக் குறியா வச்சி சுட்டுப் பாத்துச் சரிபண்ணிக்கலாம். நீங்களும் வாங்க."

அவர் வயலில் கதிர் முற்றி நிற்கிறது; இன்று ராத்திரி காவலுக்குத் துப்பாக்கியும் இல்லை, என்னால். இந்நேரம் பன்றி இறங்கியிருக்குமோ? அவர் வீட்டில் போன் கிடையாது, கேட்கவும் வழியில்லை. எப்போது விடியும்?