ஒட்டிய உறை

அன்புள்ள அப்பாவுக்கு, லெனோர் எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீங்களே பனி அள்ளாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். மொன்டானா குளிருக்கு முன்னால் நம் விஸ்கான்சின் குளிரெல்லாம் ஒன்றுமேயில்லை.

ஒரு சின்ன விஷயம், கவலைப்பட வேண்டாம். நம் மில் முதலாளி மேயர் தேர்தலில் நிற்கிறார் அல்லவா? இங்கே இயந்திரம் பூட்ட அவர் அனுப்பிய எங்கள் எல்லோருக்கும் நம் ஊர் நகராட்சி வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்பியிருந்தது. உறைமேல் ஒரு சாட்சி கையெழுத்துப் போடாவிட்டால் ஓட்டை எண்ணமாட்டார்கள். எல்லோருக்கும் மேஸ்திரி காலிஸே போட்டார்.

“ஒட்டாம குடும்மா, நானே ஒட்டித் தபால்ல சேர்த்துடறேன்,” என்றார்.

“என் நாக்குலயும் ஈரம் இருக்கு சார்,” என்று அவர் எதிரிலேயே ஒட்டிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டார்.

நகராட்சிக்குப் போன் செய்து கேட்டேன். மற்றவர்களுடையது எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதாம். என்னுடையது மட்டும் சேரவில்லையாம்.  தேர்தல் வேலை பார்க்கும் மார்லிஸ், “வேற சீட்டு அனுப்பறேன் கண்ணு. செவ்வாய்க்கிழமைக்குள்ள எங்க கைக்கு வரணும். சாட்சிக்கு வேற ஆளைப் புடி,” என்றார்.

சீட்டு வந்தது. விடுதி அறையில் பக்கத்துக் கட்டில் டானாவிடம் உறையை நீட்டினேன்.

“எனக்குப் புள்ளைங்க இருக்கு லெனோர்,” என்றாள், கதவைப் பார்த்துக்கொண்டே. அறையில் வேறு யாரும் பேனாவைத் தொடவில்லை.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள், செர்ரி ஜாமும். மில்லில் யாரிடமும் எதுவும் பேசாதீர்கள். விடுதி விலாசத்துக்கு வேண்டாம், தபால் ஆபீசுக்கே அனுப்புங்கள், நான் நடந்து போய் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் போன கடிதம் ஒட்டாத உறையில் வந்தது. நீங்கள் ஒட்ட மறக்கிறவர் இல்லையே அப்பா.

அவசரமாக,
லெனோர்