காற்றில் எடுத்த தண்ணீர்

இன்றும் கிள்ளானில் தண்ணீர் வெட்டு. தெருமுனையில் தண்ணீர் லோரி ஹாரன் அடிக்கிறது. ஆளாளுக்கு வாளியோடு ஓடுகிறார்கள். என் வீட்டு முன்கூரையின் கீழ் உன் இயந்திரம் மட்டும் பாட்டிலுக்குள் சொட்டிக்கொண்டிருக்கிறது. வெயில் ஏறினால் தானாகவே ஓடத் தொடங்கிவிடும்.

நாம் பள்ளியிலிருந்தே கூட்டாளிகள், பக்கத்துப் பக்கத்து வீடு. ஏர்கோன் பழுது பார்ப்பவன் நீ. பழைய ஏர்கோனின் குளிர்க்குழாயையும் இரண்டு சோலார் தகடுகளையும் இணைத்து, காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிதண்ணீராக்கப் போவதாகச் சொன்னாய். "மொதல்ல உன் வீட்டுப் பைப்ப சரி பண்ணு லா" என்று கிண்டலடித்தேன். முதல் பாட்டில் நிறைந்த அன்று, வடிகட்டிய தண்ணீரை என் கையில் திணித்தாய்.

"குடி. எப்படி இருக்கு?"

"தண்ணி மாதிரிதான் இருக்கு."

விழுந்து விழுந்து சிரித்தாய். நீ குடிக்கவில்லை.

அப்போதே உன் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டிருந்தன. டாக்டர் உனக்கு அனுமதித்தது நாளுக்கு ஒரு சின்னக் கப் தண்ணீர்தான். டயாலிசிஸுக்கு உன்னைக் காரில் கூட்டிப்போவது நான். ஒருநாள் வீங்கிய காலைச் செருப்புக்குள் நுழைக்க முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

"காத்துல இருக்கற தண்ணிய எடுத்துட்டேன் லா. என் ஒடம்புல இருக்கறத எடுக்க முடியல பாரு."

செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மருத்துவமனையில் நீ கடைசியாகக் கேட்டது, "ஒரு மடக்கு தாடா." நர்சைப் பார்த்தேன், கூடாது என்று தலையசைத்தார். ஈரப் பஞ்சால் உன் உதட்டைத் துடைத்தேன். அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாய். நான்தான் இழுத்து எடுத்தேன்.

மறுநாள் உன்னைக் குளிப்பாட்டக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தண்ணீர் வெட்டுக்கென்று நீ இயந்திரத்தில் பிடித்து அடுப்படியில் சேர்த்து வைத்திருந்த பாட்டில்களை உன் மனைவி எடுத்துக் கொடுத்தார். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து ஊற்றினார்கள். ஒரு மடக்குக்குக் கெஞ்சியவன் தலையில் நான் முழுப் பாட்டிலையும் கவிழ்த்தேன்.

சுபாங் ஜெயாவில் மகளோடு தங்கப் போனபோது, உன் மனைவி இயந்திரத்தை என்னிடம் விட்டுப் போனார். "நீங்க குடிங்கண்ணே. அவருக்கு சந்தோஷமா இருக்கும்."

கொட்ட மனம் வரவில்லை. தினமும் குடிக்கிறேன்டா. முதல் மடக்கு மட்டும் இன்னும் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.