எட்டா, நாற்பதா?

புனித லியோபா பங்கு,
1763 மே 3

கவர்னர் அலுவலகத்தின் பொன்னான பேனாவாகிய என் அண்ணனுக்கு,

நலம். நீயும் மை தீராமல் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

மே முதல் தேதி வழக்கம்போல், பட்டை உரித்த தேவதாரு மரத்தை அப்பா வாசலில் நட்டார்கள். ஊர்க்காவல் தலைவருக்கு வருஷா வருஷம் செய்கிற மரியாதைதானே. ஆனால் வழக்கப்படி மரத்தை நோக்கி வெடி சுடத் துப்பாக்கி இல்லை. நம் பிரெஞ்சுப் படை தோற்ற கையோடு ஆங்கிலேயர் நம் துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டார்களே! எல்லோரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

பாதிரியார் வீட்டில் தங்கியிருக்கும் லெப்டினன்ட் பிரிட்சர்டுக்கும் ஒரு மரியாதை செய்யலாமே என்று, மறுநாள் விடிந்ததும் அவர் வாசலில் ஒரு குட்டி மரம் நட்டேன். டிசம்பரில் பன்றி அறுத்தபோது ஊரெல்லாம் கேட்டு வாங்கி, ஊதிக் காயவைத்திருந்த மூத்திரப்பைகள் இருபத்துமூன்று. வேலிக்குப் பின்னால் வரிசையாக வைத்து மிதித்தேன்; துப்பாக்கி சுட்ட மாதிரியே வெடித்தன. அவரோடிருந்த எட்டுச் சிப்பாய்களும் மேசைக்கடியில். லெப்டினன்ட் கொல்லை வழியாக ஓடி எருக்குழியில் இறங்கினார். நாட்டைப் பிடித்தவரை எரு பிடித்துக்கொண்டது.

உன் தங்கை,
உர்சூல்

மொந்திரேயால்,
மே 9

உர்சூல்,

சிரித்து முடித்தாயா? லெப்டினன்டின் அறிக்கை நகலெடுக்க என் மேசைக்குத்தான் வந்தது. "ஊரார் மறைத்து வைத்திருக்கும் துப்பாக்கிகள் இருபத்துமூன்று" என்கிறது.

சமாதானம் ஆகிவிட்டது, எந்தப் பங்கு ஊரில் எத்தனை சிப்பாய் என்று இந்த மாதம் முடிவாகிறது. நம் ஊருக்கு இப்போதுள்ள எட்டே போதும் என்றிருந்தார்கள். இப்போது லெப்டினன்ட் நாற்பது கேட்கிறார். வீட்டுக்கு இரண்டு பேர், நம் சூப்பில் கரண்டி போட. காவலையும் வழக்கு விசாரணையையும் அப்பாவிடமிருந்து பிடுங்கிப் படையிடம் கொடுக்க வேண்டுமாம்.

வாயை மூடிக்கொண்டிரு. தலைவரின் மகளே செய்தாள் என்று தெரிந்தால் அப்பா எந்த முகத்தோடு நடமாடுவார்?

ஆம்ப்ருவாஸ்

புனித லியோபா,
மே 15

அன்பு அண்ணா,

நாற்பதைத் திருத்தி நாலாக்கிவிடேன் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். நீ செய்யமாட்டாய், உன் நேர்மை எனக்குத் தெரியும். ஆகவே நானே லெப்டினன்டிடம் போனேன். கிழிந்த பைகளைக் கூடையில் கொண்டுபோய்க் கொட்டினேன். அவர் இரண்டு தடவை எண்ணினார். அத்தை புகையிலை போட்டு வைத்திருந்த இன்னொரு மூத்திரப்பையை வாங்கி ஊதி, அவர் காலடியிலேயே மிதித்துக் காட்டினேன். துள்ளினார்.

"சரி, இது துப்பாக்கி இல்ல. ஆனா இந்த ஊர்ல யாராவது குறும்பு பண்ணா யாரு கேக்கறது?"

"எங்கப்பா கேப்பாரு."

"மகளையுமா?"

அடுத்த சனிக்கிழமை அப்பா வழக்குக் கேட்கும்போது அவரும் வந்து உட்காருவாராம். மற்றவருக்குக் கொடுக்கும் தண்டனையையே அப்பா எனக்கும் கொடுத்தால் அறிக்கையைத் திருத்துவார். விட்டுவிட்டால் நாற்பதுதான். அப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிடுகிறார்.

உர்சூல்

மொந்திரேயால்,
மே 18

தங்கச்சி,

ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அழுதுவிடு. நீ அழுதால் அப்பா இளகுவார். லெப்டினன்டுக்கும் ஊரில் மகள் இருக்கலாம்.

ஆம்ப்ருவாஸ்

புனித லியோபா,
மே 22

அண்ணா,

அழவில்லை.

அப்பா, "சின்னப் பொண்ணு, ஏதோ வெளையாட்டுத்தனமா…" என்றுதான் தொடங்கினார். லெப்டினன்ட் பேனாவை எடுத்தார். நான் குறுக்கிட்டேன்.

"எனக்குப் பதினாறு வயசுங்க ஐயா. போன மாசம் சிப்பாய்ங்க காவல் வீட்டு வேலியப் பிடுங்கி எரிச்ச பதிஸ்துக்கு என்ன குடுத்தீங்களோ, அதையே எனக்கும் குடுங்க."

அப்பாவை ஐயா என்றது அதுதான் முதல் தடவை. அவர் கைத்தடியைத் தரையில் ஊன்றி எழுந்தார்.

"அக்டோபர் வரைக்கும் தெனமும் காவல் வீட்டுக்கு வெறகு பொளக்கணும். யாரும் ஒத்தாசை பண்ணக் கூடாது."

குரல் பிசகவே இல்லை. வெளியே வந்ததும் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உர்சூல்

மொந்திரேயால்,
மே 30

என் தங்கச்சிக்கு,

உத்தரவை இன்று நானே நகலெடுத்தேன். புனித லியோபா பங்குக்கு எட்டுச் சிப்பாய், அறுவடைக்குப் பின் ஐந்து. காவலும் விசாரணையும் ஊர்க்காவல் தலைவரிடமே. எட்டைக் கொஞ்சம் தடிமனாகவே எழுதினேன்.

இத்துடன் மான்தோல் கையுறை. உன் கையளவை ஒரு நூலில் முடிந்து, படகுக்காரரிடம் அப்பா கொடுத்தனுப்பியிருந்தார். அவர் கேட்டதாக உன்னிடம் சொல்லக் கூடாதாம். சொல்லிவிட்டேன்.

ஆம்ப்ருவாஸ்

புனித லியோபா,
ஜூன் 6

அன்பு அண்ணா,

கையுறை கச்சிதமாக இருக்கிறது. இருந்தாலும் திருப்பி அனுப்புகிறேன். பதிஸ்த் வெறுங்கையால்தான் பிளந்தான். எட்டுப் பேரும் தினம் என் கையைத்தான் பார்க்கிறார்கள். கடையில் அந்த அளவு கிடைக்கவில்லை என்று அப்பாவுக்கு எழுதிவிடு. அக்டோபருக்குப் பிறகு அனுப்பு, போட்டுக்கொள்கிறேன்.

கொப்புளம் இதுவரை ஆறு. எட்டுக்கு மேல் ஒன்றுகூட இங்கே தங்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறேன்.

உன்
உர்சூல்