சாயம் போகாத மூக்கு

ஞானப்பூ,

பிள்ளைகள் பண்டிகைக்குக் கோமாளி வேஷம் கட்ட முன்னாடியே சர்ச்சுக்குப் போறேன். நேத்து ஒத்திகைக்கு மூக்கில் தடவிய சிவப்பு நூல் சாயம் சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சாயம் போகாதுன்னு ஊருக்கே சத்தியம் பண்ணிச் சேலை விற்கிறவனுக்கு இது தெரிய வேண்டாமா! மூக்குக்கு மட்டும் இன்னைக்கு வேஷமே வேண்டாம்.

கம்மஞ்சோறு உறியில் இருக்கு. பாளையம்பட்டியிலிருந்து உங்கண்ணன் வந்தால் போடு. சாவி மாடக்குழியில்.

"கோமாளி பொண்டாட்டின்னு சொல்லுவாக, நான் வரல"ன்னு சொல்லிட்டே. சரி.

பாக்கியநாதன்

பி.கு: சொல்லிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயைப் பொத்தினியே. தோள் குலுங்கினதைப் பார்த்துட்டேன். மிச்சச் சிரிப்பை அங்கே வந்து சிரி. பொம்பளைக பக்கம் முன்வரிசையில் பாய் போட்டு வைக்கிறேன்.